எத்தனையாம் ஈத்து என்று எவரும் கேட்கவில்லை

டொக்டர் போன மாதம் உங்களுக்குச் சொன்ன ஒட்டகக் கதை பொய்.

இதை நாகரிகமாகச் சுற்றி வளைத்துச் சொல்லலாம். எனக்கு அது வராது. ஆய்வுக்கூடங்களில் வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் நீங்கள் கூடிய ஒன்றுகூடலில் அவர் மேடையில் நின்று, ஆபிரிக்காவில் ஒட்டகப் பாலுக்குள்ளும் தண்ணீர் விடுகிறார்கள், அதை நான் மொன்றியலில் இருந்துகொண்டே பிடித்தேன் என்றார். நீங்கள் சிரித்தீர்கள், கை தட்டினீர்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். எழும்பிக் கத்தியிருப்பேன். பக்கத்தில் இருந்த என் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு கிழமை கழித்து நீங்கள் எனக்குத் தொலைபேசி எடுத்து, உங்கள் ஆண்டு மலருக்குப் பணி அனுபவம் ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். இதுதான் என் பணி அனுபவம். டொக்டரின் பெயரை எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், அது போதும்.

முதலில் அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். அது இப்போது இல்லை.

மொன்றியல் பக்கம் டோர்வலில், விமான நிலையத்துக்குப் பின்பக்கம், செங்கல் சுவரும் தட்டைக் கூரையுமாக ஒரு கட்டடம். அதற்குள் எங்கள் பால் ஆய்வுக்கூடம். இப்போது அது பார்சல் கொம்பனி ஒன்றின் கிடங்கு. போன வருடம் காரில் போகும்போது பார்த்தேன். எங்கள் சாப்பாட்டு அறை இருந்த பக்கத்தை உடைத்து லொறி வாசல் வைத்திருக்கிறார்கள். நான் வீடு இருந்த பியர்பொன்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி அங்கே போவேன். பனிக்காலத்தில் இரண்டாவது பஸ் வராது. தெப்பனேர் என்ற மூலைக்கடைக்குள் ஒதுங்கி நின்று ஒரு கோப்பி வாங்கிக் கையைச் சூடாக்கிக்கொண்டு நிற்பேன். அந்தக் கடைக்காரர் கண்டவுடன் “மறுபடியும் தப்ப விட்டீர்களா, மதாம்” என்பார். என் கண்முன்னால்தான் பஸ்ஸே வராமல் இருக்கும்.

உள்ளே எங்கள் தராசு நுட்பமானது. மேலே விமானம் போனால் மேசை நடுங்கும், எண் ஓடும். அதனால் விமானச் சத்தம் கேட்டவுடன் எல்லாரும் வேலையை நிறுத்திக் கையைத் தூக்கிவிடுவோம். போய்த் தொலையும் வரைக்கும் ஏழெட்டுப் பேர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்போம். புதிதாக வந்தவர்கள் பயந்துபோவார்கள். பக்கத்து மேசையில் ஜினெட் என்ற கெபெக்காரி இருந்தாள். பிரெஞ்சு தவிர வேறெதுவும் கதைக்க மாட்டேன், நீ படித்தே ஆக வேண்டும் என்று சொன்னவள். கோபம் வந்தால் தேவாலயத்துச் சாமான்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டுவாள், கெபெக்கில் அவைதான் கெட்ட வார்த்தைகள். நான் பிரெஞ்சில் முதலில் படித்தது அவற்றைத்தான்.

டொக்டர் எங்கள் தலைவர். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். ஊரில் பட்டம் எடுத்துவிட்டு இங்கே வந்து விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு வேலை தந்தவர் அவர். வெள்ளைக்காரர் நிறைந்த கூட்டங்களில் என் பக்கம் நின்று கதைத்தவர். நத்தார் பண்டிகைக்கு முதல்நாள் மட்டன் ரோல்ஸ் கொண்டுவந்து தானே தட்டில் அடுக்கி எல்லாருக்கும் நீட்டுவார். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம். கெட்டவர் என்றால் எப்போதோ மறந்திருப்பேன்.

ஒட்டகத்துக்கு முதல் ஒரு மாட்டுக் கதை. அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

நான் சேர்ந்த புதிதில், எனக்கு முதல் அந்த மேசையில் இருந்த பெண்மணி ஓய்வுபெறப் போகிற நேரம். ஒரு தை மாதம் பண்ணைக்காரர் ஒருவரின் பாலில் கொழுப்பு மிகக் குறைவாக வந்தது. நான் எண்ணை எழுதப் போனேன். அந்த அம்மா பேனையைப் பிடுங்கிவிட்டுப் போத்தலின் மூடியைக் கழற்றிக் காட்டினார். பால் வரும் வழியில் வெளியே கிடந்து உறைந்திருக்கிறது. உருகியபோது கொழுப்பெல்லாம் திரண்டு மூடியின் உள்பக்கம் மெழுகு மாதிரி ஒட்டிக் கிடந்தது. சூடாக்கிக் கலந்து திரும்ப எடுத்தபோது எண் சரியாக வந்தது. நான் எழுதியிருந்தால் அந்த மனிதர் பெயர் கெட்டிருக்கும். அந்த அம்மா சொன்னது ஒன்றுதான்: போத்தலில் இருப்பது வெறும் பால் இல்லை, ஒரு ஆள் அனுப்பிய பால். அந்த ஆளை நினைத்துவிட்டு எழுது.

இனி ஒட்டகம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கென்யாவின் வடக்கில், ஒட்டகம் வளர்க்கும் வறண்ட பகுதியில் ஒரு உதவித் திட்டம் நடந்தது. மூன்று குடியிருப்புகளில் பெண்கள் குழுக்கள். அவர்கள் பால் கறந்து கான் பாத்திரங்களில் கொடுப்பார்கள். திட்டக்காரர் அதைச் சேர்த்துக் காய்ச்சி நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புவார்கள். அந்தப் பாலில் என்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டவுன்டவுனில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் மூலம் வேலை எங்களுக்கு வந்தது. அதோடு ஒரு ஆராய்ச்சி மாணவியும் வந்தாள். நாமக்கல் பக்கத்துப் பிள்ளை. சுகன்யா. ஒல்லி உடம்பு, பெரிய குளிர்ச் சட்டை, சட்டைக்குள் ஆள் இருக்கிறாளா என்று தேட வேண்டும். முதல் நாளே என்னிடம், “அக்கா, நீங்க பேசுறது பாதி புரியல, ஆனா கேக்க நல்லாருக்கு” என்றாள். நீ பேசுவதும் அப்படித்தான் என்றேன். அன்றிலிருந்து ஒரே மேசையில் சாப்பிட்டோம்.

உலர்பனி போட்ட பெட்டியில் உறைந்த போத்தல்கள் டோர்வலில் வந்து இறங்கிய அன்று கட்டடமே பார்க்க வந்தது. கணக்காளர் கூட வந்தார். ஜினெட் ஒரு போத்தலைத் தூக்கிப் பார்த்து, இது ஒரு திமிலா இரண்டு திமிலா என்று கேட்டாள். சுகன்யா பிரெஞ்சு விளங்காமல், நன்றி என்று “மெர்சி” சொன்னாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

பெட்டி மாதா மாதம் வந்தது. இரண்டு குடியிருப்புகளின் பால் நன்றாக இருந்தது. மூன்றாவதில் மட்டும் கொழுப்பும் குறைவு, புரதமும் குறைவு. ஒருமுறை அல்ல, வந்த எல்லாப் பெட்டியிலும். நான் மாட்டுக் கதையை நினைத்து முதலில் மூடிகளைத்தான் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. சுகன்யாவிடம் நீ எப்படி உருக்கினாய் என்று கேட்டேன். அவளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. “சூடு பண்ணி நல்லாக் கவுத்துக் கவுத்துக் கலந்துதான் எடுத்தேன். வேணும்னா நீங்களே எடுங்க.” நானே எடுத்தேன். அதே எண்தான்.

டொக்டர் வந்து பார்த்தார். நின்றபடியே பார்த்தார்.

“தண்ணி,” என்றார்.

எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். “பவானி, நீர் யாழ்ப்பாணத்தில பிறந்தனீர்தானே? பால்காரர் செய்யாத வேலையோ இது?” என்று சிரித்துவிட்டுப் போனார்.

தண்ணீர் கலந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இதை வாசிக்கும் உங்கள் அம்மா அப்பாவுக்காக எழுதுகிறேன். பால் எத்தனை பாகையில் உறைகிறது என்பது அநேகமாக மாறாது. கொழுப்பு ஏறும் இறங்கும், உறைநிலை அசையாது. ஏனென்றால் பாலில் கரைந்திருக்கும் சீனியும் உப்பும் தாயின் இரத்தத்தோடு சமப்பட்டு நிற்கும். தண்ணீர் விட்டால் மட்டும் உறைநிலை பூச்சியத்தை நோக்கி ஏறும். அதை ஒளிக்க முடியாது. நான் மூன்று குடியிருப்பின் பாலையும் உறையவைத்துப் பார்த்தேன். மூன்றும் ஒன்றுதான். மூன்றாவது குடியிருப்பின் பால் மெலிந்த பால், ஆனால் தண்ணீர் கலந்த பால் இல்லை.

அதை டொக்டரிடம் கொண்டுபோனேன். அவர் மடையர் இல்லை, அவருக்கும் பதில் இருந்தது. ஒட்டகப் பால் மாட்டுப் பாலை விடக் கீழே உறையும், எது சரியான அளவு என்று எங்களிடம் ஒரு எல்லை இல்லை, மூன்று குடியிருப்புக்காரரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டிருக்கலாம், மூன்றாவது ஆட்கள் பேராசைப்பட்டிருக்கலாம் என்றார். மற்றவர்களை விடக் கூடுதலாக விட்டிருந்தால் அவர்களுடைய எண் மற்ற இரண்டையும் விட மேலே நிற்க வேண்டும், நிற்கவில்லையே என்றேன். “உம்மட மெஷினுக்கு ஒட்டகம் தெரியாது” என்றார். மெஷினுக்குத் தெரியாதென்றால் எங்களுக்கும் தெரியாது, தெரியாதென்றே எழுதுவோம் என்றேன்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். எங்கள் தொழிலில் தப்பு நடப்பது இங்கேதான். திட்டக்காரர் அறிக்கைக்காக நிற்கிறார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர் இரண்டு தரம் தொலைபேசி எடுத்துவிட்டார். தெரியாது என்று எழுதினால் ஆய்வுக்கூடம் கெட்டித்தனமில்லாதது மாதிரி இருக்கும். தண்ணீர் என்று எழுதினால் துப்பறிந்த மாதிரி இருக்கும். அந்த அந்தரத்தில் மனிதன் கெட்டித்தனத்தின் பக்கம்தான் சாய்வான். டொக்டரும் சாய்ந்தார். “மூன்றாம் குடியிருப்பு: நீர் கலப்பு எனச் சந்தேகம்” என்று எழுதி என்னிடம் கையெழுத்துக் கேட்டார். நான் போட மாட்டேன் என்றேன். அவர் தானே போட்டுக்கொண்டார். அறிக்கை போய்விட்டது.

அங்கே என்ன நடந்தது என்பது யூசுப் தொலைபேசி எடுத்துச் சொல்லித்தான் தெரியும். யூசுப் அந்தத் திட்டத்தின் களப் பணியாளர். ஒட்டகம் வளர்க்கும் குடும்பத்துப் பொடியன்தான், ஆங்கிலம் நன்றாகக் கதைப்பான். சுகன்யாவும் நானும் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் கேட்டோம். மூன்று குடியிருப்பு ஆட்களும் கூடியிருந்த கூட்டத்தில் திட்டக்காரர் அறிக்கையை வாசித்திருக்கிறார்கள். சந்தேகம் என்ற சொல் கடலைத் தாண்டும்போதே கழன்றுவிட்டது. தண்ணீர் விட்டவர்கள் என்றுதான் அங்கே போய்ச் சேர்ந்தது. மூன்றாம் குடியிருப்புப் பெண்களின் கான்களைப் பாலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சந்தையில் மற்றப் பெண்கள் அவர்களைக் கண்டு, உங்கள் ஒட்டகம் கிணற்றுக்குள்ளா கன்று போடுகிறது என்று கேட்கிறார்களாம். பால் விற்கும் பெண்ணுக்கு அதை விடக் கேவலம் இல்லை.

அந்தக் குழுவின் தலைவி ஹலீமா. எங்களிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார் என்று யூசுப் சொன்னான்.

“நான் தண்ணீர் ஊற்றியதை அங்கே யார் பார்த்தது?”

சுகன்யா என்னைப் பார்த்தாள். நான் தொலைபேசியைப் பார்த்தேன். மேலே ஒரு விமானம் போனது. ஒருவரும் கையைத் தூக்கவில்லை.

அன்று மதியம் சுகன்யா தயிர்ச்சாதப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் தொடாமல் இருந்தாள். ஜினெட் தான் கொண்டுவந்த சீனிப் பணியாரத்தில் ஒரு துண்டை வெட்டி அவள் முன்னால் தள்ளினாள். அதையும் தொடவில்லை. நான் ஏதாவது கதைக்க வேண்டுமே என்று, உங்கள் வீட்டில் மாடு இருக்கிறதா என்று கேட்டேன். அவளுடைய அப்பா மாட்டுத் தரகர். வாங்கவும் விற்கவும் சந்தை சந்தையாகத் திரிகிறவர். சந்தையில் அவர் மாட்டை எப்படிப் பார்ப்பார் என்று சொல்லத் தொடங்கினாள். பல்லைப் பார்ப்பார், மடியைத் தடவுவார். அதற்கெல்லாம் முன்னால் ஒன்று கேட்பார்.

“எத்தனாவது ஈத்துன்னு,” என்றாள். சொன்னவள் கதையைப் பாதியில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

எனக்கும் அதே நேரம்தான் உறைத்தது. எங்கள் ஊரிலும் அதுதான் முதல் கேள்வி. முதல் கன்று போட்ட தலையீற்று மாட்டின் பால் வேறு, நாலாம் ஈத்துப் பால் வேறு என்று பால் வாங்கிக் குடிக்கிற வீட்டுக்காரருக்கே தெரியும். அவளும் நானும் அந்த மாதிரி மண்ணில் பிறந்து, பட்டமும் எடுத்துவிட்டு, மாதக்கணக்காக அந்தப் போத்தல்களோடு இருந்திருக்கிறோம். எந்தத் தாய், அவளுக்கு இது எத்தனையாம் கன்று என்று இருவரும் ஒருநாளும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று பிறகு யோசித்தேன். இந்த நாட்டில் பண்ணைப் பால் முழுவதும் ஒரே தொட்டிக்குள் போகும். தலையீற்று, ஐந்தாம் ஈத்து, கன்று போட்டுக் கொஞ்ச நாளானது, பால் வற்றப் போகிறது, எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே பாலாக எங்களிடம் வரும். தொட்டிக்குப் பெயர் இருக்கும், தாய்க்கு இருக்காது. வருடக்கணக்காகத் தொட்டியையே பார்த்துப் பழகிவிட்டோம். ஒட்டகம் வந்தபோதும் மூன்று குடியிருப்பையும் மூன்று தொட்டியாகத்தான் எங்கள் மூளை எடுத்துக்கொண்டது.

சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு ஓடிப்போய் யூசுப்புக்கு எடுத்தோம். அவன் பெண்களைக் கேட்டுச் சொன்னான். முதல் இரண்டு குடியிருப்பிலும் எல்லாத் தாயின் பாலையும் ஒரே கானில் ஊற்றுவார்கள். ஹலீமாவின் ஆட்கள் அப்படிச் செய்வதில்லை. தலையீற்று ஒட்டகத்தின் பாலை விற்பது அவர்களிடம் வழக்கம் இல்லை. முதல் கன்றும் வீட்டுப் பிள்ளைகளும் அதைக் குடிக்க வேண்டும். மூன்று கன்றுக்கு மேல் போட்ட தாயின் பால்தான் வெளியே போகும். அவைதான் கூடக் கறக்கும், அதனால் விற்க மிச்சம் இருக்கும். யூசுப்புக்கு இது முதலே தெரியும். நீ ஏன் சொல்லவில்லை என்று சுகன்யா கேட்டாள். நீங்கள் கேட்கவில்லையே என்றான்.

இதைக் கொண்டுபோய் டொக்டரிடம் சொன்னால் கட்டுக்கதை என்பார் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் ஒழுங்காகச் செய்தோம். சாட்சி வைத்துக் கறப்பது என்று ஒரு முறை இருக்கிறது. பாலைச் சந்தேகப்பட்டால், நம்பிக்கையான ஒருவர் மடிக்குப் பக்கத்தில் நின்று பார்க்க, கறந்து, அந்த இடத்திலேயே போத்தலில் அடைத்து மூடுவது. யூசுப் மூன்று குடியிருப்பிலும் நின்றான். ஒரு தாய்க்கு ஒரு போத்தல். போத்தல் மேல் எத்தனையாம் ஈத்து, கன்று போட்டு எத்தனை மாதம் என்று எழுதச் சொன்னோம். மாதத்தையும் எழுதச் சொன்னது சுகன்யாவின் கெட்டித்தனம். ஈத்தாலா, நாள் போகப் போகப் பால் மாறுவதாலா என்று டொக்டர் கேட்பார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரே மழைக்காலத்தில் கன்று போட்ட தாய்களாகப் பார்த்து எடுத்தார்கள்.

பெட்டி வந்தது. நாங்கள் இருவரும் மாறி மாறி அளவு எடுத்தோம், ஒருவர் எண்ணை மற்றவருக்குக் காட்டாமல். ஜினெட் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தேவாலயத்துச் சாமான் முழுவதையும் சொன்னாள். அது சந்தோஷத்தில் சொன்னது.

எந்தக் குடியிருப்பு என்பது பெரிய விஷயமே இல்லை. மூன்று இடத்திலும் தலையீற்றுத் தாய்களின் பால் கொஞ்சமாக வந்தது, கெட்டியாக இருந்தது. கொழுப்பும் புரதமும் மேலே நின்றன. நாலாம் ஐந்தாம் ஈத்துத் தாய்கள் நிறையக் கறந்தன, பால் மெலிந்திருந்தது. முதல் இரண்டு குடியிருப்பின் நாலாம் ஈத்துப் பாலைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அது அச்சொட்டாக ஹலீமாவின் கான் பால். உறைநிலை எல்லாவற்றிலும் ஒன்று. ஒரு துளி தண்ணீர் எங்கேயும் இல்லை.

எல்லா ஒட்டகத்துக்கும் இதுதான் விதி என்று நீங்கள் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். வேறு நாட்டில், வேறு இன ஒட்டகத்தில், எண்கள் மறுபக்கம் சாய்ந்ததையும் கண்டவர்கள் இருக்கிறார்கள். தீனி மாறினால் மாறும். தண்ணீர் குடிக்கக் கிடைக்காமல் நடந்த ஒட்டகத்தின் பால் வேறு மாதிரி இருக்கும். நான் சொல்வது அந்த மந்தைகளை, அந்தப் பருவத்தை. ஆனால் தாய் எத்தனை பிள்ளை பெற்றவள் என்று தெரியாமல் அவளுடைய பாலைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது எல்லா இடத்துக்கும் பொதுதான்.

டொக்டரின் அறைக்கு இருவரும் போனோம். இம்முறை அவர் உட்கார்ந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். மாதத்தைப் பற்றிக் கேட்டார், சுகன்யா காட்டினாள். உறைநிலையைக் கேட்டார், நான் காட்டினேன். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அப்ப நல்ல பாலை வீட்டுக்கு வைச்சுக்கொண்டு, தண்ணிப் பாலை எங்களுக்கு விக்கிறாங்கள். அதுவும் களவுதானே?”

சுகன்யா அதுவரைக்கும் அவர் முன்னால் குரலை உயர்த்தியதே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. “சார், அது அவங்க ஒட்டகம் சார். குடிக்கிறது அவங்க புள்ளைங்க. நாம பால் கேட்டோம், பால் குடுத்தாங்க. கெட்டிப் பால் வேணும்னு நாம கேக்கவே இல்லையே சார்.”

டொக்டர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். என்னைப் பார்த்து, சரி, திருத்தம் அனுப்புவோம் என்றார்.

அனுப்பினார். ஒரே ஒரு வசனம். மூன்றாம் குடியிருப்பின் அளவுகளைத் தாய்களின் ஈற்று எண்ணிக்கையாலும் விளக்கலாம் என்று. லாம். தண்ணீர் என்ற சொல்லே அதில் இல்லை. தண்ணீர் கலக்கப்படவில்லை என்று எழுதுங்கள் என்று போய் நின்றேன். “விஞ்ஞானத்தில மன்னிப்பு எண்டு ஒண்டு இல்லை, பவானி. திருத்தம்தான் இருக்கு” என்றார். மன்னிப்பு வேண்டாம், திருத்தத்தையே திருத்தமாக எழுதுங்கள் என்றேன். ஆய்வுக்கூடத்தின் பெயர் என்று ஒன்று இருக்கிறது, இங்கே வேலை செய்கிற எல்லாருடைய சோறும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது, உம்முடையதும்தான் என்றார். அது பொய் இல்லை. ஆனால் ஹலீமாவுக்கும் ஒரு பெயர் இருந்தது.

திட்டக்காரர் அந்த ஒரு வசனத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் பால் எடுக்கத் தயார் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பெண்கள் மாட்டோம் என்றுவிட்டார்கள். எல்லார் முன்னாலும் வாசித்ததை எல்லார் முன்னாலும் இல்லையென்று வாசிக்கட்டும், அதற்குப் பிறகு கான் தருகிறோம் என்று ஹலீமா சொன்னாராம். யூசுப் அதற்காக ஒரு கடிதம் கேட்டான். நான் கேட்டேன். சுகன்யா பேராசிரியர் மூலம் கேட்டாள். கடிதம் போகவே இல்லை. கொஞ்ச நாளில் திட்டம் மற்ற இரண்டு குடியிருப்போடு நின்றுகொண்டது. மூன்றாவதில் இருந்து எங்களுக்குப் போத்தல் பிறகு வரவில்லை. பெட்டி திறக்கும்போது சுகன்யா ஒவ்வொரு முறையும் தேடிப் பார்ப்பாள். இல்லையென்று தெரிந்தும் பார்ப்பாள்.

அவள் பட்டம் முடித்தாள். தாயின் ஈற்றும் பாலின் சத்தும் என்று தன் ஆய்வில் ஒரு முழு அதிகாரம் எழுதினாள். அதில் “நீர் கலப்பு இல்லை” என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தாள். அது நூலகத்தில் இருக்கிறது. அந்தச் சந்தைக்கு அது போகாது. இப்போது அவள் வேறு மாகாணத்தில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். தைப்பொங்கலுக்கு எடுப்பாள். ஒட்டகத்தைப் பற்றிக் கதைப்போம், ஜினெட்டைப் பற்றிக் கதைப்போம். ஜினெட் போய்ச் சேர்ந்து சில வருடம். அந்தக் கட்டடத்தில் இருந்த ஆட்களில் பாதிப் பேர் இல்லை. எனக்கு அந்த நாட்களைப் போல நல்ல நாட்கள் பிறகு வரவில்லை. பஸ்ஸுக்காகக் குளிரில் நின்றதைக் கூட இப்போது நினைத்தால் இனிக்கிறது. இது ஒன்று மட்டும் இனிக்கவில்லை.

பிள்ளைகளே, உங்களுடைய மெஷின்கள் எங்களுடையவற்றை விட நூறு மடங்கு கெட்டி. அவை ஒரு துளியில் எல்லாம் சொல்லும். யாருடைய துளி என்று மட்டும் சொல்லாது. அதை நீங்கள்தான் கேட்க வேண்டும், எழுத முதல் கேட்க வேண்டும். தெரியாது என்று எழுத வெட்கப்படாதீர்கள். பிழையாக எழுதிவிட்டால், எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதினீர்களோ அவ்வளவு பெரிய எழுத்தில் அதை எடுங்கள். கையெழுத்துக் கேட்பவர் உங்களுக்குச் சோறு போட்டவராக இருந்தாலும், பிழையென்று தெரிந்தால் போடாதீர்கள். பேனை உங்களுடையது.

இனி நான் உங்களோடு கதைக்கவில்லை.

டொக்டர், இந்த மலர் உங்கள் வீட்டுக்கும் வரும். அன்று கடிதம் எழுதாததற்கு ஆய்வுக்கூடத்தின் பெயரைச் சொன்னீர்கள். அந்த ஆய்வுக்கூடம் இப்போது இல்லை. எங்கள் ஒருவருடைய சோறும் அதில் இல்லை. அப்படியானால் எதைக் காப்பாற்ற இந்தப் பிள்ளைகளுக்கு அதே பொய்யைத் திரும்பச் சொன்னீர்கள்? எண்களை நீங்கள் கண்ணாடியைக் கழற்றி வைக்கும் வரைக்கும் பார்த்தீர்கள். உங்களுக்கு உண்மை தெரியும். யூசுப்பின் விலாசம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீங்கள் எழுதுவதை அவன் அந்தக் குடியிருப்பில் வாசித்துக் காட்டுவான், நான் கேட்டுவிட்டேன்.

ஹலீமாவின் பாலில் தண்ணீர் இருந்ததா, இல்லையா? எனக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்ல வேண்டாம். உங்கள் பெயரைப் போட்டு, எல்லாரும் வாசிக்க, இந்த மலரிலேயே எழுதுங்கள்.